மூடிய கைக்குள் மாத்திரை

அழைப்பு மணி அடித்தபோது என் வீட்டுக்காரர் பீரோவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். இடது கையில் வெந்நீர் டம்ளர். வலது உள்ளங்கையில் சாயங்கால மாத்திரைகள். ஒரு வெள்ளை, ஒரு மஞ்சள், ஒரு ரோஸ்.

நான் அடுப்படியில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கண்ணெல்லாம் எரிச்சல். விளக்கு வைக்கிற நேரத்தில் யார் வந்து நிற்கிறார்கள் என்று முணுமுணுத்துக்கொண்டே போய்க் கதவைத் திறந்தேன்.

வெளியே ஷீபா. எங்கள் சபைத் தையல்காரி ஸ்டெல்லாவின் ஒரே மகள், நந்தனத்தில் கல்லூரியில் படிக்கிறாள். தெருமுனைக்குப் போவதானாலும் சீவிச் சிங்காரித்து வருகிற பெண். அன்றைக்கு நைட்டிக்கு மேலே ஒரு துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு வந்திருந்தாள். 

“அங்கிள் இருக்காங்களா ஆன்ட்டி? அம்மாவ ஆஸ்பத்திரில சேத்திருக்கோம். சுகர் எக்கச்சக்கமா ஏறிப்போச்சு. இன்சுலின் போட உடமாட்டேங்குது. ட்ரிப்ஸையும் பிடுங்கிப் பிடுங்கிப் போடுது.”

“அடக் கடவுளே! ஏன்டி வேண்டாங்கிறா?”

“‘தங்கராஜ் அண்ணன் எல்லா மாத்திரையும் தூக்கிக் கடாசிட்டு நல்லாத்தானே கீறாரு, எனக்கு மட்டும் இன்னாத்துக்கு ஊசி? அண்ணன் வந்து சொல்லட்டும்’னு சொல்லுது ஆன்ட்டி. இன்னும் லேட் பண்ணா கோமாவுக்குப் போயிடும்னு டாக்டர் சொல்றாரு. அங்கிள், நீங்க வந்து ஒரு வார்த்தை...”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எல்லா மாத்திரையையும் தூக்கிக் கடாசினாரா? யார், இவரா? காலையும் மாலையும் மாத்திரை டப்பாவில் நானேதான் நிரப்பி வைக்கிறேன்!

திரும்பிப் பார்த்தேன். அவர் டம்ளரைப் பிடித்தபடி அப்படியே நின்றார். வலது கை மட்டும் மெல்ல மூடிக்கொண்டது. மூடிய கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருஷக் குடித்தனத்தில் அந்த மனுஷன் என்னிடமோ பிறரிடமோ எதையும் ஒளித்து நான் பார்த்ததே இல்லை.

ஸ்பீக்கர் மக்கர் செய்த ஞாயிறு

இந்தத் தொடரை விடாமல் படிக்கிறவர்களுக்கு என் வீட்டுக்காரரை ஏற்கெனவே தெரியும். புதிதாக வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன். திருநெல்வேலிப் பக்கம் பிறந்து, வேலைக்காக மெட்ராஸ் வந்து, ஒரு அரசாங்க ஆபீசில் ரிட்டயர் ஆனவர். சபைப் பாடகர் குழுவில் டெனர், அதாவது உச்ச ஸ்தாயியில் பாடுகிற ஆண்குரல். பரம சாது. காய்கறிக்காரம்மா முகம் வாடக்கூடாதென்று சொத்தைக் கத்தரிக்காயையும் சேர்த்து வாங்கி வருவார். அதற்கு நான் பாடுகிற பாட்டை நாலு வீட்டுக்கு அப்பால் இருப்பவர்களும் கேட்டிருக்கிறார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கிறிஸ்துமஸ் சமயம், தி.நகரில் துணி எடுக்கப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கடைப் படியில் உட்கார்ந்துவிட்டார். அந்த ஜனக் கூட்டத்தில் அவர் சட்டை மட்டும் தொப்பலாக நனைந்திருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், ஸ்டென்ட் வைத்தார்கள், பிழைத்தார். “மாத்திரையை மட்டும் உங்க இஷ்டத்துக்கு நிறுத்திடாதீங்க, ஒரு நாள்கூட” என்று டாக்டர் அவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார். ஆளைத் தெரிந்து சொல்லியிருக்கிறார்.

அதற்கப்புறம் வந்த அறுப்பின் பண்டிகையில்தான் எல்லாம் நடந்திருக்கிறது. எங்கள் சபைகளில் வருஷத்துக்கு ஒரு தடவை நன்றி செலுத்துகிற பண்டிகை அது. ஆராதனை முடிகிற நேரத்தில், ஆண்டவர் தங்களுக்குச் செய்த நன்மையை யார் வேண்டுமானாலும் எழுந்து சொல்லலாம். சாட்சி சொல்வது என்போம். கேட்கிறவர்கள் ‘அல்லேலூயா’ என்பார்கள். வெளியே வளாகத்தில் ஸ்டால் போட்டுப் பெண்கள் பலகாரம் விற்போம்.

அன்றைக்கு நான் வெளியே முந்திரிக்கொத்துச் சட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். வெளி ஸ்பீக்கர் மக்கர் செய்துகொண்டிருந்தது. பாதி வார்த்தை கேட்கும், பாதி கரகரக்கும். அதனால் என் வீட்டுக்காரர் எழுந்து சாட்சி சொன்னதே எனக்குத் தெரியாது. திடீரென்று உள்ளேயிருந்து ஒரு ‘அல்லேலூயா’ வந்தது. கையிலிருந்த கரண்டி நழுவுகிற அளவுக்குச் சத்தம். அடேயப்பா, யாருக்கோ ஆண்டவர் பெரிய காரியம் செய்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு அடுத்த ஈட்டைப் போட்டேன்.

கொஞ்ச நேரத்தில் பெண்கள் வந்து எண்ணெய்க் கையையும் பார்க்காமல் பிடித்துக்கொண்டார்கள். “அண்ணனுக்கு ஆண்டவர் எவ்வளவு பெரிய காரியம் செஞ்சிருக்காரு அக்கா!” ஆமாம், தி.நகர் படியில் போயிருக்கவேண்டிய ஆள் சபைக் கோயிலில் உட்கார்ந்திருக்கிறாரே என்று நானும் தலையாட்டினேன். கண்கூடக் கலங்கியது. நல்லா இருக்கு கதை!

அதன்பின் வீட்டுக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். மூட்டுவலிக்காரர்கள், சுகர்காரர்கள், பிள்ளை இல்லாதவர்கள். “அண்ணன் கைவெச்சு ஜெபிக்கணும்” என்பார்கள். சாவைப் பார்த்துவிட்டு வந்தவர் ஜெபத்துக்கு ஒரு மதிப்பு இருக்கும்தானே என்று நான் காபி போட்டுக் கொடுத்தேன். சாப்பாட்டு மேசையில் இருந்த மாத்திரை டப்பாவை அவர் பீரோவுக்குள் மாற்றியபோதும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. வயசானது வெளியே தெரியக்கூடாதென்று வெட்கப்படுகிறார் என்று கேலி செய்தேன். அவரும் சிரித்தார்.

“காலையிலயா, சாயந்தரமா?”

என் அப்பாவுக்கு ஒரு வியாதி உண்டு. யாராவது “ஆண்டவர் என்கிட்ட சொன்னார்” என்று ஆரம்பித்தால் போதும், “எப்பம் சொன்னாரு? காலையிலயா, சாயந்தரமா?” என்று கேட்டுவிடுவார். கிண்டலில்லை. முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு கேட்பார். அதுதான் எதிராளிக்குத் தாங்காது.

நாங்கள் மந்தைவெளியில் குடியிருந்த காலத்தில் வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர் சாப்பிட வந்தார். கோழிக்குழம்பை ஊற்றிக்கொண்டே, “ஆண்டவர் என்னை அடுத்த மாசம் சிங்கப்பூருக்குப் போகச் சொல்லிட்டாரு” என்றார். அப்பா தன் கேள்வியைக் கேட்டார். பிரசங்கியாருக்குப் புரையேறிவிட்டது. அம்மா அப்பாவை முறைத்த முறைப்பில் நாங்கள் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினோம்.

அவர் போனபிறகு அம்மா பிடிபிடியென்று பிடித்தாள். அப்பா கை கழுவிக்கொண்டே சொன்னது இவ்வளவுதான்: “நான் ஒரு வார்த்தை சொல்லி அது பொய்யாப்போனா என் பேரு கெடும். போகட்டும். அவரு சொன்னாருன்னு நான் சொல்லி அது பொய்யாப்போனா யாரு பேரு கெடும்? பயமா இருக்காதா ஒரு மனுஷனுக்கு?”

தேவபயம், தேவபயம் என்று ஞாயிறு பள்ளியில் எங்களுக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள். அதுதான் புத்தியோடு பிழைக்கிற வழிக்கு முதல் படி என்பார்கள். எனக்கு அது ரொம்ப நாள் பிடிபடவேயில்லை. பிரம்போடு வருகிற ஹெட்மிஸ்ட்ரஸைப் பார்த்து வருகிற பயம் மாதிரி என்றுதான் நினைத்திருந்தேன். என் மகள் பிறந்து, அவளை முதல் தடவை காலில் போட்டுக் குளிப்பாட்டியபோது ஒரு பயம் வந்தது. சோப்பு வழுக்கும், பிள்ளை நழுவிவிடும், எவ்வளவு பெரிய பொருளைக் கையில் வைத்திருக்கிறோம் என்கிற பயம். அப்பா சொன்ன பயம் இதுதான் போலிருக்கிறது என்று அன்றைக்குத் தோன்றியது.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், அன்றைக்கு ஆட்டோவில் போகும்போது என் மனசில் ஓடியது இதுதான்.

ஆட்டோவில் அவர் குரல்

ஷீபாவை நடுவில் உட்காரவைத்துக்கொண்டு நாங்கள் இரண்டு பக்கமும் இருந்தோம். மெட்ரோவுக்காகத் தோண்டிப்போட்டதில் ராஜா அண்ணாமலைபுரத்தைத் தாண்டுவதற்குள் உயிர் போய்விட்டது. ஆட்டோக்காரர் ஒவ்வொரு தடுப்பையும் பார்த்து ஒரு வசவு வைத்தார். என் வீட்டுக்காரரின் வலது கை மடியில் மூடியே இருந்தது.

அந்தச் சின்னப் பெண்ணை வைத்துக்கொண்டு நான் அவரை என்னவென்று கேட்பது? பொறுக்கமாட்டாமல் அவளிடமே கேட்டேன். “ஏம்மா, அங்கிள் மாத்திரைய விட்டுட்டார்னு அம்மாவுக்கு யார் சொன்னா?”

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். “அங்கிளேதான் ஆன்ட்டி. சாட்சில சொன்னாரே. சபை குரூப்ல வீடியோகூட வந்துச்சே. அம்மா தைக்கறப்ப டெய்லி அதத்தான் போட்டுக் கேக்கும்.”

என்னிடம் இருப்பது பட்டன் போன், அந்தக் குரூப்பெல்லாம் அவர் செல்லில்தான். ஷீபா தன் செல்லை எடுத்து வீடியோவைப் போட்டாள். ஆட்டோ இரைச்சலுக்கு நடுவில் என் வீட்டுக்காரர் குரல் கணீரென்று வந்தது. டெனர் குரல் அல்லவா?

“...செத்தவன் மாதிரிப் போனேன். ஆண்டவர் எனக்குப் புது இருதயம் தந்தார்.”

‘அல்லேலூயா’ என்று சபை. அதற்கப்புறம் ஒரு சின்ன இடைவெளி. பிறகு அவர் குரல் இன்னும் ஏறியது.

“இன்றைக்கு ஒரு மாத்திரைகூட நான் தொடுவதில்லை! எல்லாத்தையும் தூக்கி எறிந்துவிட்டேன்!”

அதற்குத்தான் அந்தப் பெரிய அல்லேலூயா. கரண்டி நழுவிய அல்லேலூயா.

ஷீபாவின் தலைக்கு மேலே அவரைப் பார்த்தேன். அவர் வெளியே அடையாறு பாலத்துக்குக் கீழே ஓடுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீடியோ முடிந்ததும் ஷீபா அதைத் திரும்பவும் போடப் போனாள். “போதும்மா” என்றார். அந்தக் குரலா இந்தக் குரல் என்று இருந்தது.

“உன்னியத்தான் நம்பிக்கினு இருந்தேனா?”

ஆஸ்பத்திரி வார்டுக்குள் நுழைந்ததுமே ஒரு வாசனை. ஸ்டெல்லாவின் கட்டில் அருகே போனபோதுதான் தெரிந்தது, அது அவள் மூச்சு. அழுகிப்போன பழத்தின் வாசனை. மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். வலது பாதத்தில் கட்டு. தையல் மிஷினை மிதித்து மிதித்துப் புண்ணாகி, அது சீழ் பிடித்திருக்கிறது. அறுப்பின் பண்டிகைக்குப் பிறகு இன்சுலினைத் தொடவேயில்லையாம்.

எங்கள் பாடகர் குழுவின் வெள்ளை அங்கிகள் அத்தனையும் அவள் தைத்தவை. அளவெடுக்கும்போது, “அண்ணி, போன வருஷத்தவிட ஒரு சுத்து ஏறிட்டே நீ” என்று உரக்கச் சொல்லி என் மானத்தை வாங்குகிறவள். அந்த வாய் காய்ந்து வெடித்திருந்தது.

சபைப் பெண்கள் சிலர் சுவரோரம் நின்றார்கள். நர்ஸ் ஊசியோடு நின்றாள். எல்லோரும் என் வீட்டுக்காரருக்கு வழிவிட்டார்கள்.

“வந்துட்டியா அண்ணே,” என்றாள் ஸ்டெல்லா. “சொல்லுண்ணே இவங்களுக்கு. ஊசி வாணாம்னு சொல்லு. போட்டுக்கினா ஆண்டவர சந்தேகப்பட்டா மாதிரி ஆயிடும்.”

அவர் தொண்டையைச் செருமினார். “ஸ்டெல்லா, மருந்தும் ஆண்டவர் தந்ததுதானம்மா. டாக்டர் கையை வெச்சும் அவர் சுகமாக்குவாரு. போட்டுக்கோ.”

நல்ல வார்த்தைதான். ஒரு குற்றமும் சொல்ல முடியாது. அவளும் ஒத்துக்கொண்டிருந்தால் அத்தோடு தப்பித்திருப்பார். ஸ்டெல்லா விடவில்லை.

“அப்ப நீ மட்டும் இன்னாத்துக்கு உட்டே? உனக்கு விசுவாசம் கீது, எனக்கு இல்லன்றியா? நானும் நம்புறேண்ணே. உன்ன மாதிரியே நம்புறேன்.”

நர்ஸ் என்னைப் பார்த்தாள். நான் அவரைப் பார்த்தேன். இன்னும் ஒரு நொடி போயிருந்தால் நானே போட்டு உடைத்திருப்பேன், நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதற்குள் அவர் வலது கையை நீட்டி, அவள் முகத்துக்கு நேரே விரித்தார்.

ரோஸ் மாத்திரை வியர்வையில் கரைந்து, உள்ளங்கை ரேகையெல்லாம் சாயம் ஏறியிருந்தது. வெள்ளையும் மஞ்சளும் அதில் ஒட்டிக்கொண்டு கிடந்தன.

“நான் ஒரு நாளும் விடல ஸ்டெல்லா. இன்னைக்கும் சாப்பிடப் போனப்பதான் உம் மக வந்தா. இந்தா, அதே மாத்திரைதான்.”

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. “அப்ப அன்னிக்கு சொன்னது?”

“பொய்.”

“கோயில்ல நின்னுக்கினா?”

“கோயில்ல நின்னுதான்.”

சுவரோரம் யாரோ “ஏசப்பா” என்றார்கள். ஷீபாவின் கை என் கையிலிருந்து நழுவியது. ஸ்டெல்லா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். கோபம் அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது பயம். தெருவில் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தவன் யாரோ வேற்றாள் என்று தெரிந்துகொண்ட குழந்தையின் முகம்.

“அடப்பாவி,” என்றாள். “ஆண்டவர நம்புறேன்னு நென்ச்சிக்கினு இருந்தேனே. உன்னியத்தான் நம்பிக்கினு இருந்தேனா?”

அவள் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். கையை மட்டும் நர்ஸ் பக்கம் நீட்டினாள்.

“போடும்மா.”

என் வீட்டுக்காரர் மேசையிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்தார். உள்ளங்கையில் ஒட்டியிருந்ததை அத்தனை பேர் முன்னாலும் வாயில் போட்டு விழுங்கினார். சுவரோரம் நின்ற பெண்களில் ஒருத்தி முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டாள்.

வராந்தாவில்

வராந்தாவுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன். ஆஸ்பத்திரி என்றும் பார்க்கவில்லை. “என்ன மனுஷன் நீங்க? வாயா அது? ஒரு பொம்பளை செத்துப்போகப் பார்த்தாளே!”

அவர் பெஞ்சில் உட்கார்ந்து கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “நன்றி சொல்லத்தான் எந்திரிச்சேன் ஜெயா. புது இருதயம் தந்தார்னு சொன்னேன். அதோட உக்காந்திருக்கணும். எல்லாரும் அல்லேலூயா சொன்னாங்க. அந்தச் சத்தம் நின்னுச்சு பாரு, அப்பம் எல்லாரும் என் முகத்தையே பாத்துக்கிட்டிருந்தாங்க. இன்னும் ஏதோ எதிர்பார்க்கிறாங்கன்னு தோணுச்சு. வாயில வந்துட்டு.”

“வந்தா, மறுநாளே போய் இல்லைன்னு சொல்லவேண்டியதுதானே?”

“எப்படிச் சொல்ல? அத்தனை பேரு நம்பிட்டாங்க.”

சொத்தைக் கத்தரிக்காய்! எனக்குச் சட்டென்று அதுதான் ஞாபகம் வந்தது. காய்கறிக்காரம்மா முகம் வாடக்கூடாதென்று கூடையில் போட்டுக்கொண்டு வருகிற அதே மனுஷன்தான். இத்தனை வருஷம் அதை நல்ல குணம் என்று நினைத்துத் திட்டியும் சிரித்தும் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். நல்ல குணத்துக்கு இப்படியும் ஒரு அடிப்பக்கம் இருக்குமா என்று திகைத்து உட்கார்ந்தேன்.

ஸ்டெல்லா பிழைத்தாள். சுகர் இறங்கியது. கால் சுண்டுவிரலை மட்டும் காப்பாற்ற முடியவில்லை, எடுத்துவிட்டார்கள். அந்தச் சேதி வந்த அன்று அவர் சாப்பிடவில்லை. நானும் சாப்பிடச் சொல்லவில்லை.

ஐயர் சொன்ன யோசனை

எங்கள் பக்கத்து வழக்கத்தில் சபைப் போதகரை ஐயர் என்போம், சர்ச்சைக் கோயில் என்போம். கல்யாணமான புதிதில் மயிலாப்பூரில் குடியிருந்தபோது, “எங்காத்திலேயும் ஐயர், உங்க கோயில்லேயும் ஐயராடி?” என்று மேல்வீட்டு மாமி கேலி செய்வாள். நிற்க.

ஐயர் நல்ல மனுஷர், சின்ன வயசு. விஷயத்தைக் கேட்டதும் அவருக்கு முகமே வெளிறிவிட்டது. கொஞ்சம் யோசித்துவிட்டு, “அந்தம்மாகிட்ட சொல்லிட்டீங்க, அதுவே பெருசு. சபை முன்னால வேண்டாமே ஐயா. பலவீனமானவங்க இடறிப்போவாங்க. ஆண்டவர் நாமத்துக்கே அவமானமாயிடும்” என்றார்.

“அது ஆயிட்டு ஐயரே,” என்றார் இவர். “நான் பொய் சொன்ன அன்னைக்கே ஆயிட்டு.”

அடுத்த ஞாயிறு எழுந்து நின்றார். இந்தத் தடவை நான் உள்ளேதான் இருந்தேன், முன்வரிசையில். ஸ்பீக்கரும் ஒழுங்காக வேலை செய்தது. அவர் கையில் அந்த ஸ்டீல் மாத்திரை டப்பா. ஜன்னல் வழியாக வந்த வெயில் அதில் பட்டுக் கூரையில் ஆடியது.

“அறுப்பின் பண்டிகையில நான் சொன்னது பொய். மாத்திரை சாப்பிட்டுத்தான் உயிரோட இருக்கேன். ஆண்டவர் என்னைக் காப்பாத்தினது நிஜம். டாக்டரையும் மாத்திரையையும் கொடுத்துக் காப்பாத்தினார். அது எனக்குப் போதலை. உங்க அல்லேலூயா இன்னும் சத்தமா வரணும்னு ஆசைப்பட்டு அவர் பேரில் இல்லாததைச் சேத்தேன். அப்புறம் அதைத் திருப்பி எடுக்கப் பயந்தேன். ஆண்டவருக்குப் பயந்திருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன். நான் உங்களுக்குப் பயந்தேன்.”

உட்கார்ந்துவிட்டார். யாரும் அல்லேலூயா சொல்லவில்லை. எனக்கு அவமானத்தில் காது மடல் சுட்டது, கூடவே அழுகையும் வந்தது. எதற்கு எது என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

ஆராதனை முடிந்து வெளியே வந்தோம். யாரும் முகம் கொடுக்கமாட்டார்கள், விறுவிறுவென்று கேட்டைத் தாண்டிவிடலாம் என்று அவர் கையைப் பிடித்து இழுத்தேன். வேப்பமரத்தடியில் ஞாயிறு பள்ளி டீச்சர் ஒருத்தர் வழிமறித்தார். கன்னத்தில் அறைந்துவிடுவாரோ என்றுகூட நினைத்தேன்.

“அண்ணே,” என்றார் மெதுவாக. “நான் தைராய்டு மாத்திரைய விட்டுட்டேன்.”

அவருக்குப் பின்னால் ஒரு ரிட்டயர்டு இன்ஜினீயர். “பிரஷர் மாத்திரை சார். உங்க வீடியோவப் பாத்துட்டு நிறுத்தினேன். வீட்ல யாருக்கும் தெரியாது.”

அவருக்குப் பின்னாலும் ஆட்கள் நின்றார்கள். கடைசியில் ஒரு இளந்தாய், தோளில் தூங்குகிற குழந்தையோடு. குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே, “இவனுக்கு வலிப்பு மருந்து அங்கிள். ஒரு மாசமா கொடுக்கல. இன்னும் ஒண்ணும் வரல. ஆண்டவர்தான்னு நெனச்சேன்” என்றாள்.

மரத்தடித் திண்டில் பொத்தென்று உட்கார்ந்தேன். ஒரு வார்த்தை! கூட்டத்தின் சத்தத்துக்கு ஆசைப்பட்டு ஒரு மனுஷன் உதிர்த்த ஒரே ஒரு வார்த்தை, தூங்குகிற அந்தப் பிஞ்சுவரைக்கும் போயிருக்கிறது. அப்பா கை கழுவிக்கொண்டே கேட்டாரே, பயமா இருக்காதா ஒரு மனுஷனுக்கு என்று. இருந்தது. உடம்பெல்லாம் இருந்தது.

என் வீட்டுக்காரர் அழுதுகொண்டே அந்தப் பெண்ணை ஆட்டோவில் ஏற்றினார். நானும் ஏறினேன். ஞாயிற்றுக்கிழமை டாக்டரைத் தேடி ஆழ்வார்பேட்டையெல்லாம் சுற்றி, ஒருவரைப் பிடித்து, மருந்தை வாங்கிக் குழந்தையின் வாயில் ஊற்றியதைப் பார்த்தபிறகுதான் வீடு திரும்பினோம். அன்றைக்கு எங்கள் வீட்டில் அடுப்பு பற்றவைக்கவில்லை.

ஸ்டெல்லாவின் ஜெபம்

ஸ்டெல்லா வீட்டுக்கு வந்தபிறகு இவர் தினமும் சாயங்காலம் போவார். கதவு திறக்காது. ஷீபா ஜன்னல் வழியாக, “அம்மா தூங்குது அங்கிள்” என்பாள். உள்ளே தையல் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்கும். மிதிக்க முடியாதென்று அதற்கு மோட்டார் மாட்டியிருந்தார்கள். இவர் கொஞ்ச நேரம் படியில் நின்றுவிட்டுத் திரும்பி வருவார். “விடுங்களேன், அவளுக்கு இஷ்டமில்லை” என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை.

ஒரு நாள் நானும் கூடப் போனேன். கதவு திறந்திருந்தது. ஸ்டெல்லா நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இன்சுலின் ஊசி, பஞ்சு.

“வா அண்ணி, குந்து,” என்றாள் என்னிடம். அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “மாத்திர போட்டியா நீ?”

“இன்னும் இல்ல. வீட்டுக்குப் போய்த்தான்.”

“கொண்டாந்துகீறியா?”

சட்டைப் பையிலிருந்து டப்பாவை எடுத்துக் காட்டினார்.

“ஏ ஷீபா, அங்கிளுக்குத் தண்ணி எடுத்தா.”

அவர் டம்ளரை வாங்கிக்கொண்டு தயங்கினார். “ஸ்டெல்லா, என்னை மன்னிச்சிட்டியாம்மா?”

“ஆண்டவரு மேல எனக்குக் கோவம் இல்ல. அவரு ஒண்ணும் சொல்லல, எல்லாம் நீ சொன்னது. உம்மேல கோவம் கீது. அது இன்னும் கொஞ்ச நாளிக்கு இருக்கும்.” புடவையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். “கண்ண மூடு, ஜெபம் பண்ணலாம்.”

கண்ணை மூடினோம். கீழே யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள்.

“ஆண்டவரே, இந்த ஊசிக்கு ஸ்தோத்திரம். அண்ணன் மாத்திரைக்கு ஸ்தோத்திரம். இன்னிக்கு உசுரோட கீறோம், ஸ்தோத்திரம். இந்தாளு வாய நீரே பாத்துக்கும். ஆமென்.”

“ஆமென்” என்றார் என் வீட்டுக்காரர். குரல் வெளியே வரவில்லை, உதடுதான் அசைந்தது. ஸ்டெல்லா வயிற்றில் ஊசியைக் குத்திக்கொண்டாள். அவர் மாத்திரைகளை உள்ளங்கையில் கொட்டி, கையை மூடாமல், அவள் பார்க்கிற மாதிரி ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக்கொண்டார்.